பெயர் திரும்பி வந்த கதை

2020 மார்ச் 28. கொரோனா ஊரடங்கின் நான்காம் நாள். 'பிஎம் கேர்ஸ்' என்ற நிவாரண நிதி அறிவிக்கப்பட்டது. நன்கொடை அனுப்ப யூபிஐ முகவரியும் தந்தார்கள்: பிஎம்கேர்ஸ்@எஸ்பிஐ. ஓரிரு நாளுக்குள் பிஎம்கேர்@எஸ்பிஐ என்று இன்னொரு முகவரி முளைத்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதினால் 'எஸ்' என்ற ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். டெல்லி போலீஸ் எச்சரித்தது. ஸ்டேட் வங்கி அந்தப் போலி முகவரியை முடக்கியது.

கணினியின் கண்ணில் இரண்டு முகவரிகளும் ஒன்றுபோலவே ஒழுங்கானவை. இரண்டுக்கும் பின்னால் உண்மையான வங்கிக் கணக்கு இருந்தது. யாரும் கடவுச்சொல்லைத் திருடவில்லை, சர்வரை உடைக்கவில்லை. அனுப்பியவர் தன் கையால் பின் நம்பர் போட்டு அனுப்பினார். அவர் சொன்ன முகவரிக்கே பணம் போனது. அவர் நினைத்த இடத்துக்குப் போகவில்லை.

பணம் அனுப்பும்போது மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். இப்படி ஒரு முகவரி இருக்கிறதா? அது யாருடையது? அவர், நான் நினைக்கும் ஆள்தானா? மூன்றும் ஒரே கேள்விபோலத் தோன்றும். ஆனால் முதல் கேள்விக்குக் கணிதம் விடை சொல்கிறது, இரண்டாவதற்கு வங்கியின் பதிவேடு விடை சொல்கிறது, மூன்றாவதற்கு இன்றுவரை முழுமையான கருவி இல்லை. மோசடிக்காரர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஒரு கேள்விக்குப் பூட்டு போட்டால் அடுத்த கேள்வியின் வாசலில் போய் நிற்பார்கள்.

தபால்காரர் முதல் நெஃப்ட் வரை

இந்தியத் தபால் துறை 1880இல் மணியார்டர் சேவையைத் தொடங்கியது. பணம் பெறுபவரின் வீட்டு வாசலுக்கே தபால்காரர் வந்து ரூபாயை எண்ணிக் கொடுப்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் கைநாட்டு, கூடவே தெரிந்தவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. முகவரி இருக்கிறதா, அதில் குடியிருப்பது யார், இந்த மணியார்டர் அவருக்குத்தானா என்ற மூன்று கேள்விகளையும் ஒரே மனிதர் ஒரே நிமிடத்தில் தீர்த்துவைத்தார்.

காசோலையிலும் பெயருக்குத்தான் முதலிடம். 'செலுத்துக' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதுவது பெயரை. கணக்கு எண்ணை அல்ல. அந்தக் காசோலையை வசூலுக்கு எடுக்கும் வங்கி, பெயரும் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். பார்க்காமல் அலட்சியமாக இருந்தால் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் தரும் பாதுகாப்பை இழக்க நேரிடும்.

பிறகு மின்னணுப் பரிமாற்றம் வந்தது. ஆர்டிஜிஎஸ் 2004இல், நெஃப்ட் 2005இல். படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், கணக்கு எண்ணுக்கு ஒரு கட்டம், ஐஎஃப்எஸ்சி குறியீட்டுக்கு ஒரு கட்டம் இருந்தன. பெறும் வங்கி பெயரையும் எண்ணையும் ஒப்பிட்ட பிறகே வரவு வைக்க வேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் எதிர்பார்ப்பு. நடைமுறையில் அது சிக்கலானது. அனுப்பியவர் ஒரு மாதிரி எழுதுவார், பதிவேட்டில் வேறு மாதிரி இருக்கும். கணினி தடுமாறி நிற்கும். ஓர் ஊழியர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பணம் தாமதமாகும் அல்லது திரும்பிப் போகும்.

2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரு முடிவுக்கு வந்தது. இந்தியப் பெயர்களைப் பலவிதமாக எழுதலாம் என்பதால் அச்சொட்டாகப் பொருத்துவது பெரும் சவால் என்பதைச் சுட்டிக்காட்டி, கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று அனுமதித்தது. படிவத்தில் பெயர்க் கட்டம் அப்படியே இருந்தது. ஆனால் அதில் என்ன எழுதினாலும் பணம் எண் சொல்லும் இடத்துக்கே போகும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இதே நிலைதான் இருந்தது: கொடுத்த எண்ணுக்குப் பணம் போய்விட்டால் வங்கி தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதாகவே சட்டம் கருதியது. வேகத்துக்காகப் பெயரை விட்டுக்கொடுத்த காலம் அது.

எண் தன்னையே காத்துக்கொள்வது எப்படி?

எண்ணை மட்டும் நம்புவது என்றால், எண்ணைத் தவறாக அடித்தால் என்ன ஆகும்? இதற்குக் கணிதம் ஓர் அழகான விடை வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் புழங்கும் ஐபேன் என்ற கணக்கு எண்ணில் இரண்டு இலக்கங்கள் சோதனைக்கென்றே சேர்க்கப்படுகின்றன. முதல் நான்கு குறிகளைக் கடைசிக்கு நகர்த்தி, எண்ணில் உள்ள எழுத்துகளையும் இலக்கங்களாக்கி, முழுவதையும் ஒரு பெரிய எண்ணாகப் பாவித்து 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை.

ஏன் 97? ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்த எண்ணில் ஏற்படும் மாற்றம், 1 முதல் 9 வரையான ஏதோ ஓர் எண்ணைப் பத்தின் ஓர் அடுக்கால் பெருக்கிய அளவு. 97 ஒரு பகா எண். அது 9க்குள் அடங்கும் எந்த எண்ணையும் மீதியின்றி வகுக்காது; 10ஐயும் வகுக்காது. ஆகவே இந்த மாற்றம் 97இன் மடங்காக இருக்க முடியாது, மீதி மாறியே தீரும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி, 47க்குப் பதில் 74 என்று அடித்தாலும் இதே கதைதான். அங்கே மாற்றம் 9ஐ அந்த இரு இலக்கங்களின் வித்தியாசத்தால் பெருக்கி, பத்தின் அடுக்கால் பெருக்கிய அளவு. அதிலும் 97 என்ற காரணி நுழைய வழியில்லை. கை தவறி நேரும் இந்த இரண்டு வகைப் பிழைகளும் முழுமையாகப் பிடிபடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு எதையோ அடித்தால்கூட, ஏறத்தாழ 97இல் ஒரு முறைதான் தப்பிக்கும்.

இந்திய வங்கிக் கணக்கு எண்களுக்கு இப்படிப் பொதுவான அமைப்பு கிடையாது. நீளம்கூட வங்கிக்கு வங்கி மாறும். அதனால்தான் கணக்கு எண்ணை இரண்டு முறை அடிக்கச் சொல்லி, முதல் முறை அடித்ததைப் புள்ளிகளால் மறைத்துவைக்கிறார்கள்.

எது எப்படி இருந்தாலும், இந்தப் பாதுகாப்பு கைத்தவறுக்கு எதிரானது மட்டுமே. மோசடிக்காரர் தரும் எண்ணில் பிழையே இருக்காது. பணம் வந்து சேர வேண்டும் என்பதில் அவரைவிட அக்கறை உள்ளவர் யார்?

ரமேஷும் ராஜேஷும்

ஆகவே பெயர் திரும்பி வர வேண்டியிருந்தது. வந்ததும், 2010இல் விட்டுச்சென்ற அதே சிக்கல் காத்திருந்தது: இரண்டு பெயர்கள் ஒன்றுதான் என்று கணினி எப்படி முடிவுசெய்யும்?

சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும்? அந்த எண்ணிக்கைதான் இரண்டு சொற்களுக்கும் இடையிலான தூரம். செந்தில் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி'க்குப் பின் 'எச்' போடுபவரும் உண்டு, போடாதவரும் உண்டு, தூரம் 1. நெருக்கம்தான், ஒரே ஆளாக இருக்கலாம் என்று கணினி சொல்லலாம்.

ஆனால் ஆங்கில எழுத்தில் ரமேஷுக்கும் ராஜேஷுக்கும்கூடத் தூரம் 1தான். நடுவில் 'எம்' இருந்த இடத்தில் 'ஜே'. இவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். இதற்கு நேர்மாறாக, வங்கிப் புத்தகத்தில் 'எஸ். முருகன்' என்று இருப்பவர் பான் கார்டில் 'முருகன் சுப்பிரமணியம்' ஆகியிருப்பார். படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்ப அப்பாவின் பெயரைத் தவிர வேறு எதுவும் நம்மிடம் இல்லையே! எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இந்த இரண்டுக்கும் தூரம் மிக அதிகம், ஆள் ஒருவரே. லட்சுமியை நான்கைந்து விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறும் பெண்கள் இருக்கிறார்கள்.

நல்ல பொருத்தல் நிரல்கள் எழுத்துத் தூரத்தோடு நிற்பதில்லை. பெயரைத் துண்டுகளாக்கி, வரிசையை மறந்து ஒப்பிடும். ஓரெழுத்துத் துண்டை இனிஷியலாக எடுத்துக்கொள்ளும். 'திரு', 'டாக்டர்' போன்றவற்றைக் கழித்துவிடும். ஒலி ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கும். இத்தனைக்குப் பிறகும் எங்கோ ஒரு கோடு போட வேண்டும். கோட்டைத் தளர்த்தினால் ராஜேஷின் கணக்குக்கு ரமேஷ் என்ற பெயர் செல்லுபடியாகிவிடும். இறுக்கினால் முருகனின் சம்பளம் முருகனுக்கே போகாது.

இறுக்குவதே பாதுகாப்பு என்று தோன்றலாம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் பரிமாற்றங்கள் நடக்கின்றன. அவற்றில் 10 மட்டும் மோசடி. நேர்மையானவற்றில் 100க்கு 2 என்ற விகிதத்தில், எழுத்து வித்தியாசத்தால் 'பெயர் பொருந்தவில்லை' என்று எச்சரிக்கை வருகிறது. அப்படியானால் கிட்டத்தட்ட 20,000 வெற்று எச்சரிக்கைகளுக்கு நடுவே 10 உண்மை எச்சரிக்கைகள். இரண்டாயிரத்தில் ஒன்றுதான் நிஜம். மூன்று முறை வெற்று எச்சரிக்கையைப் பார்த்தவர் நான்காம் முறை படிக்காமலே 'சரி' அழுத்திவிடுவார். அந்த நான்காவது நிஜமாக இருந்தால்? எச்சரிக்கைகள் கூடக்கூட அவற்றின் மதிப்பு குறையும் என்பது இந்தத் துறையின் அடிப்படைத் தலைவலி.

பொருத்திப் பார்ப்பதா, காட்டிவிடுவதா?

பிரிட்டனில் 'விச்?' என்ற நுகர்வோர் அமைப்பு 2016இல் அதிகாரபூர்வமாகப் புகார் கொடுத்த பிறகு, ஏமாந்து தன் கையாலேயே பணம் அனுப்புபவர்களின் சிக்கல் பொதுவிவாதத்துக்கு வந்தது. 2019இல் அந்நாட்டுப் பணப்பரிமாற்ற ஒழுங்குமுறை அமைப்பு ஆறு பெரிய வங்கிக் குழுமங்களுக்கு ஆணையிட்டது. 2020இல் பெயர் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. நெதர்லாந்து வங்கிகள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதல் எல்லா வங்கிகளும் இதைக் கட்டணமில்லாமல் செய்தாக வேண்டும்.

அங்கே அனுப்புபவர் பெயரைத் தானே எழுத வேண்டும். பெறும் வங்கியின் கணினி அதைத் தன் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பொருந்துகிறது, கிட்டத்தட்டப் பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று விடை சொல்லும். கிட்டத்தட்டப் பொருந்தினால் சரியான பெயரைக் காட்டும். சுத்தமாகப் பொருந்தாவிட்டால் உண்மைப் பெயரைச் சொல்லாது. ஏதோ ஓர் எண்ணை அடித்து, அது யாருடைய கணக்கு என்று துப்பறிய முடியாது.

இந்தியா வேறு வழியில் போனது. யூபிஐயில் ஒரு முகவரியை அடித்ததும், உங்கள் செயலி அதைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐக்கு அனுப்புகிறது. '@' குறிக்குப் பின்னால் இருப்பதை வைத்து, எந்த நிறுவனத்தைக் கேட்க வேண்டும் என்று என்பிசிஐ அறிந்துகொள்ளும். அந்த நிறுவனம் முகவரிக்குரிய பெயரைத் திருப்பி அனுப்பும். நீங்கள் பின் நம்பர் போடுவதற்கு முன் இவ்வளவும் முடிந்துவிடும். இங்கே கணினி பெயரைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பொருத்திப் பார்ப்பது உங்கள் வேலை. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் இதே வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கட்டணமின்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. பெயரைக் கைவிட அனுமதித்து 14 ஆண்டுகள் கழித்து அது திரும்பி வந்தது.

இதில் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. 'எஸ். முருகன்' என்று காட்டினால், அவர் சுப்பிரமணியத்தின் மகன் முருகன்தான் என்று கணினிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இனிஷியல் சிக்கலை மனித மூளை நொடியில் அவிழ்த்துவிடுகிறது. விலையும் உண்டு: யாருடைய கைப்பேசி எண்ணை அடித்தாலும் பெயர் வந்து விழும். முகம் தெரியாதவர் உங்கள் பெயரைச் சொல்லிப் போனில் பேச ஆரம்பிப்பது இப்போது அவ்வளவு கஷ்டமில்லை.

திரையில் தெரியும் பெயர் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். கடைகளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடுக்குள் இருப்பது ஒரு சிறிய உரை வரி. அதில் முகவரிக்கு ஓர் இடம், பெயருக்கு ஓர் இடம். அந்த க்யூஆரை உருவாக்குபவர் அந்தப் பெயரிடத்தில் விரும்பியதை எழுதலாம். செயலி அதையே எடுத்துக் காட்டினால், மோசடிக்காரர் எழுதிய பெயரையே நாம் சரிபார்த்துத் திருப்திப்படுகிறோம் என்று பொருள். கைப்பேசியின் தொடர்புப் பட்டியலும் அப்படித்தான். 'பெரியப்பா' என்று நீங்கள் சேமித்த எண்ணை அவர் கைவிட்டு, தொலைத்தொடர்பு நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். திரை இன்னமும் பெரியப்பா என்றே சொல்லும். இவற்றையெல்லாம் முன்வைத்துத்தான் 2025இல் என்பிசிஐ ஒரு விதி கொண்டுவந்தது: ஜூன் 30க்குப் பிறகு, வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரை மட்டுமே செயலிகள் காட்ட வேண்டும்; க்யூஆரில் எழுதியதையோ பயனர் வைத்துக்கொண்ட பெயரையோ காட்டக் கூடாது.

அதே ஆண்டு ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் நடந்தது இந்த விதியின் அவசியத்தைச் சொல்கிறது. இரவோடு இரவாகச் சிலர் கடைகளின் க்யூஆர் கோடுகளை மாற்றிவிட்டார்கள். மறுநாள் வாடிக்கையாளர்கள் செலுத்திய பணம் வேறு யாருக்கோ போனது. பணம் செலுத்தியவர்களின் திரையில் வேறு பெயர் தெரிந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

பெயர் சொல்லாதது

சரியான பெயரே வந்தாலும் அது போதுமா? நம் ஊர்க் கடைகளில் தினமும் நடக்கும் உரையாடல்:

"அண்ணே, பேர் வேற வருதே?"

"என் சம்சாரம் பேருதாங்க. அனுப்புங்க, வந்துரும்."

கடையின் பெயர் ஒன்று, கணக்கு இன்னொருவர் பெயரில். இதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் 'பெயர் வேறாக வருவது சகஜம்' என்ற பழக்கம் நமக்குள் ஊறிப்போகிறது. 'வேறு பெயர் வரும், கவலைப்படாதீர்கள்' என்று மோசடிக்காரர் சொல்லும்போது நாம் ஏற்கெனவே தயாராக இருக்கிறோம்.

இதைச் சமாளிக்க ஒரு வழி, பெயரோடு நிற்காமல் தொழிலையும் சான்றளிப்பது. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, தன்னிடம் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கு 2025 அக்டோபர் முதல் தனி யூபிஐ முகவரிகளை ஏற்படுத்தியது. '@' குறிக்குப் பின் 'வேலிட்' என்ற சொல்லும் வங்கியின் பெயரும் வரும். முன்பகுதியில், பங்குத் தரகரா பரஸ்பர நிதியா என்பதைக் காட்டும் சுருக்கெழுத்து இருக்கும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய சின்னம் தெரியும். இந்த முகவரியை யாரும் தானாக உருவாக்கிக்கொள்ள முடியாது. ஓரெழுத்து வித்தியாசத்தில் போலி முகவரி செய்யும் தந்திரம் இங்கே எடுபடாது.

இன்னும் ஆழமான சிக்கல், பெயர் உண்மையானது, கணக்கு உண்மையானது, ஆள்தான் வேறு என்பது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு, தன் பெயரில் கணக்கு தொடங்கி ஏடிஎம் கார்டையும் சிம்மையும் இன்னொருவரிடம் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். வங்கி வட்டாரத்தில் 'மியூல் அக்கவுண்ட்' என்கிற வாடகைக் கணக்கு இதுதான். ஆதார் சரி, பான் சரி, புகைப்படம் சரி. பெயர் சரிபார்ப்பு இதில் எந்தக் குறையையும் காணாது. 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ அழைப்பில் மிரட்டுபவர், 'இந்தப் பெயரில்தான் கணக்கு இருக்கும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். சொன்ன பெயரே திரையில் வரும். சரிபார்ப்பு அப்போது மோசடிக்காரரின் சாட்சியாகிவிடுகிறது.

பணம் இறங்கும் இடத்தில்

மூன்றாவது கேள்விக்கு, பணம் அனுப்புபவரின் திரையில் விடை கிடைக்காது. கணக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பெறும் வங்கியால் மட்டுமே பார்க்க முடியும். ஆறு மாதம் தூங்கிக் கிடந்த கணக்கில் ஒரே நாளில் பல ஊர்களிலிருந்து பணம் வந்து, நிமிடங்களில் சிறு தொகைகளாகப் பிரிந்து வெளியேறினால், அது சொல்லும் செய்தியைப் பெயரால் சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய 'மியூல்ஹன்டர்.ஏஐ' இப்படிப்பட்ட நடத்தைக் கோலங்களைத் தேடுகிறது. 2024 டிசம்பரில் அது அறிவிக்கப்பட்டது.

கருவி இருந்தால் போதாது, அதைப் பயன்படுத்தக் காரணமும் வேண்டும். மோசடிப் பணம் தன் கிளையில் இறங்குவதால் பெறும் வங்கிக்கு எந்த நஷ்டமும் இல்லை என்றால், அது ஏன் மெனக்கெடப் போகிறது? பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் நடைமுறையில் உள்ள விதி இந்த இடத்தைத்தான் தொடுகிறது. ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு தர வேண்டும். அந்தச் சுமையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். கடும் அலட்சியம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வாடகைக் கணக்கு தொடங்க அனுமதித்த வங்கியின் பையிலிருந்தும் பணம் போகிறது. கணக்கு தொடங்க வருபவரை இன்னொரு முறை பார்க்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஐரோப்பிய விதியில் இதன் மறுபக்கமும் இருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று எச்சரித்த பிறகும் ஒருவர் பணம் அனுப்பினால், வங்கி பொறுப்பேற்க வேண்டியதில்லை. எச்சரிக்கை பாதுகாப்பும் தருகிறது, பொறுப்பை வங்கியிடமிருந்து வாடிக்கையாளரின் தோளுக்கும் மாற்றுகிறது. பெயரைக் காட்டிவிடும் இந்திய முறையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 'பெயரைப் பார்த்துத்தானே பின் நம்பர் போட்டீர்கள்?' என்று ஒருநாள் கேட்கப்படலாம்.

2025 ஆகஸ்டில் யூபிஐ ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. அத்தனை முறையும் ஒரு மனிதர் ஒரு பெயரைப் பார்த்திருக்க வேண்டும். வரிசையில் நின்றுகொண்டு, ஒரு கையில் பையோடு, பின்னால் நிற்பவரின் அவசரத்துக்கு நடுவே. அந்தப் பார்வையால் கைத்தவறுகளையும் க்யூஆர் ஒட்டுவேலைகளையும் தடுக்க முடியும். ஆகவே பின் போடுவதற்கு முன் பெயரைப் படியுங்கள். பெரிய தொகை என்றால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். ஆனால் உண்மைப் பெயரின் பின்னால் ஒளிந்திருப்பவரை அந்தப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. கணக்கைத் தொடங்கிக் கொடுத்து, அதன் போக்குவரத்தை நாள்தோறும் பார்க்கிற வங்கியால் முடியும். பெயர் சரிபார்ப்பு எவ்வளவு நன்றாக வளர்ந்தாலும், அந்த வங்கி செய்ய வேண்டிய வேலையை வாடிக்கையாளரின் விரல் நுனிக்குத் தள்ளிவிடும் சாக்காக அது மாறக் கூடாது.